முப்பிடாதி படுக்காத கூரை

8 ஆகஸ்ட் 1999, ஞாயிறு

இன்றும் தோப்பும்படிவரை நடந்துபோய்க் கும்பளங்கி பஸ்ஸுக்காக நின்றேன். கண்டக்டர் ஜன்னல் வழியாக முப்பிடாதி கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியை நீட்டினார். போன வாரத்துச் சட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துப் போயிருந்தேன், அதைக் கொடுத்தேன். கரிமீன் குழம்பு. குடம்புளி போடாமல் நம் புளியைக் கரைத்து வைத்திருக்கிறாள். மகள் வீட்டில் எல்லாருக்கும் குடம்புளிதான். எனக்கென்று தனிச் சட்டி ஏற்றியிருக்க வேண்டும்.

மதியத்துக்குப் பாதி, ராத்திரிக்குப் பாதி என்று வைத்தேன். மதியமே தீர்ந்துவிட்டது.

முப்பிடாதி இந்த மட்டாஞ்சேரி வீட்டை விட்டுப் போனது ஜூனில், இடவப்பாதி மழை பிடித்த வாரம். விடிந்ததும் பாலில்லாத கட்டன்சாயா போட அடுக்களைக்குப் போனாள். அவள் எழுந்துபோன கட்டிலின் மேல் ஒரு கைமரம் ஒடிந்து ஓடுகளோடு வந்து விழுந்தது. சாயா கிளாஸைப் பிடித்தபடியே வந்து பார்த்தாள். தலையணை கிடந்த இடத்தில் ஓட்டுச் சில். நின்றவாக்கில் சாயாவைக் குடித்து முடித்தாள். பிறகு பெட்டியை எடுத்தாள்.

மகள் மஞ்சுஷா வந்து கூட்டிப்போகும்போது படியில் நின்று சொன்னாள்: “நாளைக்கு மொத்தமா விழுந்தா திருப்பிக் கட்ட நமக்கு யாரு இருக்கா? அந்தக் கொங்கணிக்காரங்க வீடு இடிஞ்சப்ப இன்ஷுரன்ஸ்காரன் கொடுத்தான்ல. அதுமாதிரி நம்ம வீட்டுக்கும் ஒரு காகிதம் வாங்குங்க. அப்புறம் வர்றேன்.”

என்னையும் கூப்பிட்டாள். நான் எப்படிப் போவேன்? உத்திரத்தில் உறி கட்டி அம்மன் செம்பு தொங்குகிறது. கல்யாணம் ஆகி அவள் ரயிலேறி வந்தபோது அவள் ஊர்க் கோயில் மண்ணை அந்தச் செம்பில் பிடிமண்ணாக எடுத்து, மடியில் வைத்து, இந்தக் கொச்சிவரை இறக்காமல் கொண்டுவந்தாள். அந்த அம்மன் பெயரைத்தான் அவளுக்கும் வைத்திருந்தார்கள். அந்திக்கு ஒரு விளக்கு ஏற்ற ஆள் வேண்டாமா?

இது ஒன்று. மருமகன் வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்காருவது எப்படி என்பது இன்னொன்று. இதை அவளிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் மிதிக்காத எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அவள். எழுத்தறிவுக்காரர்கள் வீடு வீடாக வந்தபோது மலையாளம் சொல்லித் தந்தார்கள், ஏறவில்லை. அவள் முறத்தில் உமியைப் பரப்பித் தமிழில் விரலால் போடவைத்தாள். அப்போது நான் கார்ப்பரேஷனில் ரிட்டயர் ஆகி வெறுமனே கிடந்தேன். இப்போது பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

10 ஆகஸ்ட்

ராஜப்பன் வந்தார். துப்புரவு வேலையில் இருந்த எங்கள் ஆட்கள் பாதிப்பேருக்கு ஆயுள் பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜென்ட். வீட்டுக்கும் உண்டு, தீ, புயல், மழை எல்லாம் சேர்ந்து வரும், பெரிய பணம் ஆகாது என்றார். காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

“கூரைக்கு எத்தற வயசு, பிச்சேட்டா?”

என்னைவிட நாலைந்து மூப்பு என்றேன்.

“அப்போ ரெண்டு பேருக்கும் பாலிசி கிட்டறது கஷ்டம்தான்” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் போனபிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். ஒடிந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

19 ஆகஸ்ட், வியாழன்

முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. கூரை முழுவதையும் மாற்றிவிட்டு, இன்ஜினீயர் கையெழுத்தோடு வந்தால் யோசிப்பார்களாம்.

முழுக் கூரையை மாற்ற வசதி இருக்கிறவன் எதற்குய்யா உங்க வாசல்ல வந்து நிக்கான்?

22 ஆகஸ்ட், ஞாயிறு

இறால் வறுவல். மேலே வாழையிலையை வட்டமாக வெட்டி மூடியிருந்தாள்.

6 செப்டம்பர், திங்கள்

படகில் எர்ணாகுளம் போனேன். பிராட்வேயில் ஒரு துணிக்கடைக்கு மாடியில் இன்னொரு கம்பெனி இருக்கிறது என்று ராஜப்பன் அனுப்பினார். பட்டுப்பாவாடைத் துணியும் பாத்திரமும் குவிந்த கடைகளுக்கு நடுவில் ஏணிமாதிரி ஒரு படி. மேசையில் இருந்த பெண்ணுக்கு மஞ்சுஷா வயதுதான். மரியாதையாக உட்காரச் சொன்னாள்.

வீட்டுக்குத் தரலாம், கூரையை மட்டும் விட்டுவிட்டுத் தரலாம் என்றாள். சுவர், தரை, கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் உண்டு. கூரைக்கு இல்லை.

கூரை விழுந்து அதனால் சுவர் இடிந்தால் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “எதனால இடிஞ்சதுன்னு நோக்கணும் அப்பூப்பா” என்றாள்.

கூரையையும் சேர்த்தால் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு தொகை சொன்னாள். வருஷத்தில் மூன்று மாசம் நான் அடுப்பு மூட்டாமல் இருந்தால் கட்டலாம். அவளிடமே சொன்னேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது படகு வெலிங்டன் தீவைச் சுற்றியது. கல்யாணம் கழிந்து முதல் தடவை முப்பிடாதியைக் கூட்டி வந்ததும் இந்த வழிதான். ஹார்பரில் நின்ற கப்பலைப் பார்த்து, இதில் எத்தனை குடும்பம் குடியிருக்கும் என்று கேட்டாள். மடியில் செம்பு. மஞ்சள் சேலை. அலையில் படகு ஆடும்போதெல்லாம் செம்பை ஒரு கையாலும் என் முழங்கையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் இன்னும் எனக்குத் தெரியும். இடது கை, மடிப்புக்குக் கொஞ்சம் மேலே.

15 செப்டம்பர்

அவள் கட்டிலை மழை படாத மூலைக்கு இழுத்துப் போட்டேன். அதில் படுக்கவில்லை.

27 செப்டம்பர், திங்கள்

ராஜப்பன் விடவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு மானேஜரைப் பிடித்து, ஆளை அனுப்பிக் கூரையைப் பார்த்துவிட்டாவது முடியாது என்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். இன்று அவரோடு சர்வேயர் வந்தார். வெங்கிடராமன் என்று பெயர், பாலக்காட்டுத் தமிழர். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு மேலே ஏறினார்.

உறிக்கு நேர் மேலே கால் வைக்க வேண்டாம் என்று கீழே நின்று கும்பிட்டுச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, சுற்றிப் போனார். பிறகு உள்ளே ஏணி போட்டு ஒவ்வொரு கைமரத்தையும் திருப்புளியால் குத்திக் குத்திப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இறங்கி வந்து சாயா குடித்தார்.

“வருஷா வருஷம் ஓடு பிரிச்சு மாத்துவேளா?” என்று கேட்டார்.

மழைக்கு முன்னால் தவறாமல் மாற்றுவோம் என்றேன்.

“இந்த உறிக்கு மேல மாத்தினதே இல்லை, சரியா?”

சரிதான். அம்மன் தலைக்கு மேல் கால் வைக்கக் கூடாது. வேலைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லிவிடுவோம். அவர்களும் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் மாற்றிவிட்டுப் போவார்கள். கல்யாணம் ஆனது முதல் அப்படித்தான்.

மற்ற மரமெல்லாம் அயினி, இரும்புமாதிரி இருக்கிறது, இன்னும் முப்பது வருஷத்துக்குக் கேட்க வேண்டாம் என்றார். உடைந்த ஓட்டில் இறங்கின தண்ணீர் உறிக்கு மேலே இருக்கிற துண்டை மட்டும் தின்றிருக்கிறது. அதுதான் அவள் கட்டிலுக்கும் நேர் மேலே. அம்மனுக்குப் பக்கத்தில் படுத்தால் கெட்ட கனவு வராது என்று அவளே போட்டுக்கொண்ட இடம்.

“அந்தத் துண்டை மட்டும் மாத்துங்கோ. நான் நல்லபடியா எழுதறேன். சாதாரணப் பிரீமியத்துக்கே தருவா.”

ஒரு துண்டு! இத்தனை நாள் முழுக் கூரை முழுக் கூரை என்று நெஞ்சில் பாரம் வைத்துக்கொண்டு கிடந்தேன். ராஜப்பனைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவர் சட்டையெல்லாம் என் வியர்வை.

29 செப்டம்பர்

எர்ணாகுளத்தில் கட்டட வேலை செய்கிற செல்லதுரையை வரவழைத்தேன். முப்பிடாதி ஊர்ச் சீமை, சங்கரன்கோயில் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும், ஓட்டு வேலையும் மரவேலையும் தெரியும். அண்ணாந்து பார்த்தான். உறியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக்கொண்டுபோய் வெளியே விட்டான்.

“நானும் அந்தச் சீமைதான் அண்ணாச்சி. அம்மனை இறக்கிக் கொடுங்க, ஒரே வாரத்துல முடிச்சுத் தாரேன். இறக்காம மேல ஏறச் சொன்னீங்கன்னா, வேற ஆளப் பாருங்க.”

நான் இறக்க முடியாது. கொண்டுவந்த பெண்ணின் கைதான் இறக்கவேண்டும். அவள் மடியில்தான் அது வரவேண்டும்.

சிரிப்பதா அழுவதா? அவள் வரவேண்டும் என்றால் காகிதம் வேண்டும். காகிதத்துக்குக் கூரை வேண்டும். கூரையில் கை வைக்க அவள் வரவேண்டும்.

3 அக்டோபர், ஞாயிறு

சட்டிக்குக் காத்திராமல் நானே கும்பளங்கி போனேன். மருமகன் பாண்டியராஜ் இறால் வளர்க்கிற கெட்டில் நின்றான், கை உயர்த்தினான். நல்ல பையன், அதைச் சொல்லத்தான் வேண்டும். முப்பிடாதி முற்றத்தில் சின்ன மீனைக் காயப்போட்டு, பறவைக்குக் கம்பு வைத்துக் காவல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள். காதில் கம்மல் மாறியிருந்தது, மகள் கொடுத்ததாம்.

“இளைச்சுட்டீங்க” என்றாள்.

“சட்டி சின்னது” என்றேன்.

சிரித்தாள். அந்தப் பல்வரிசையில் ஓரத்துப் பல் இல்லை. அது எப்போது போயிற்று? எனக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு பல் போயிருக்கிறது.

சர்வேயர் சொன்னதைச் சொன்னேன். அம்மனை இறக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். வாய்வரை வந்தது. சொன்னால் நாளைக்கே வருவாள், தெரியும். சாமிக்காக வருவாள். எனக்காக வருவாளா என்று அப்புறம் எப்படித் தெரிந்துகொள்வது?

நாலு மணிப் பஸ் பிடித்து விளக்கேற்றத் திரும்பிவிட்டேன். அவள் நிறுத்தம்வரை வந்தாள்.

10 அக்டோபர், ஞாயிறு

வீம்பு பிடித்து என்ன காண? செல்லதுரை வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்கிறான். ஐப்பசியின் துலா மழை வேறு வரப்போகிறது. சட்டியைக் கொடுக்கும்போது கண்டக்டரிடமே சொல்லியனுப்பினேன்: அம்மனை இறக்கணும், வந்துட்டுப் போகச் சொல்லுங்க.

“ஏது அம்மை?” என்று அவர் கேட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. என்னத்தைச் சொல்லி வைக்கப் போகிறாரோ.

17 அக்டோபர், ஞாயிறு

வந்தாள். ஈரத் தலையோடு, மஞ்சள் சேலையில், மஞ்சுஷாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண்டக்டர் முப்பிடாதியிடம் போய், உங்க அம்மா மேலிருந்து இறங்க மாட்டேங்குறாங்களாம், சேட்டன் கூப்பிடுறார் என்று சொன்னாராம். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முப்பிடாதி சிரிக்கவில்லை. வாசலில் நின்று கூரையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள். சூடம் காட்டினாள். செல்லதுரை ஏறி உறிக் கயிற்றை மட்டும் அறுத்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று அவளே ஏணியில் ஏறினாள். அறுபது தாண்டின பெண்பிள்ளை. நான் ஏணியைப் பிடித்தேன். என் கண்ணுக்கு நேரே அவள் பாதம். குதிகாலில் வெடிப்பு, வெடிப்பில் மஞ்சள். மெட்டி தேய்ந்து கம்பிமாதிரி ஆகிவிட்டது. நான் ஏணியை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏணியப் பிடிங்க” என்றாள், மேலே இருந்து.

செம்பை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அதை இறக்கி வைக்கக் கூடாது. தரையில் வைத்தால் அந்த இடத்திலேயே நிலைகொண்டுவிடும், பிறகு எடுக்க முடியாது. அதனால்தானே இத்தனை வருஷமும் உறியில் தொங்கவிட்டது. பென்ஷன் வாங்கி ஊருக்குப் போய் அங்கே உட்காரவைப்போம் என்று நினைத்திருந்தோம்.

கூரை வேலை முடிகிறவரை செம்பு அவளிடம்தான் இருக்கவேண்டும். இங்கே ராத்திரி தங்கமாட்டேன் என்றாள். அந்திக்கு முன்னால் ஆட்டோவில் ஏறினார்கள். மடியில் செம்பு, அதைப் பிடித்தபடி இரண்டு கை. எனக்கு ஆட்டிக் காட்ட ஒரு கை மிச்சமில்லை.

18 அக்டோபர்

அந்திக்குத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய் உத்திரத்தின் கீழே நின்றேன். பிறகுதான் நினைவு வந்தது.

21 அக்டோபர்

செல்லதுரை நல்ல வேலைக்காரன், வாய்தான் ஓயாது. மதியம் கஞ்சி குடிக்கும்போது பெண்டாட்டியைப் பற்றிப் பேசினான். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம், அவள் ஊரில், இவன் எர்ணாகுளத்தில் எட்டுப் பேரோடு ஒரே அறையில். இங்கே தனி வாசல் உள்ள இடம் கிடைத்தால் கூட்டி வந்துவிடுவேன் என்றான். அவள் என்ன சமைப்பாள் என்று கேட்டேன். கஞ்சியை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்க வேண்டாம்.

உத்திரத்துக்கு மேல் இப்போது வானம் தெரிகிறது. அவள் கட்டில் கிடந்த இடத்தில் வெயில் விழுகிறது.

4 நவம்பர், வியாழன்

புதுக் கைமரம், புது ரீப்பர், ஓடு எல்லாம் ஏறிவிட்டது. துலா மழை இரண்டு நாள் கொட்டிப் பார்த்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. வெங்கிடராமன் சார் வந்து, இந்தத் தடவை எல்லா இடத்திலும் நடந்து பார்த்தார். நல்லபடியாக எழுதினார்.

22 நவம்பர், திங்கள்

காகிதம் கையில்!

கூரையும் சேர்த்து. என்னால் கட்ட முடிந்த பிரீமியம். ராஜப்பன் எனக்கு வாசித்து அர்த்தம் சொன்னார். இடி, தீ, வெள்ளம், புயல். வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி, “இது ஓர்மையில வச்சுக்கணும்” என்றார். வீட்டில் ஆள் தங்காமல் ஒரு மாசத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தால் காகிதம் செல்லாது. நான் எங்கே போகப்போகிறேன், அவளும் வரப்போகிறாள் என்று சொன்னேன்.

அவள் கட்டிலைப் பழைய இடத்தில் போட்டு, தலையணையை வெயிலில் வைத்து எடுத்தேன். புது உறிக்கு நூல்கயிறு வாங்கினேன். அடுக்களையில் சாயா கிளாஸ் இரண்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட்டி வருகிறேன்.

28 நவம்பர், ஞாயிறு

வந்து படுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதுகிறேன்.

செம்பு தரையில் இருக்கு.

மகள் வீட்டுக் கிழக்கு மூலையில், தென்னைக்குப் பக்கத்தில், செங்கல் மூணு வச்சு மெழுகி, நடுவில செம்பு. குங்குமம். விளக்கு. பாவி மகள் விவரம் தெரியாமல் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, பிடிமண் என்றால் என்ன என்று அதற்கு யார் சொன்னது?

யார் கீழே வைத்தது என்று கேட்டேன். மஞ்சுஷா அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றாள் முப்பிடாதி.

“தரையில வச்சா என்னன்னு தெரியும்ல?”

“தெரியாமலா வச்சேன்.”

கையிலிருந்த பாலிசிக் காகிதத்தை அவளிடம் நீட்டினேன். வாங்கினாள். முந்தானையில் கை துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். முதல் பக்கத்தில் என் பெயரைத் தடவிப் பார்த்தாள். நல்ல காரியம் பண்ணினீங்க, யாராலும் முடிஞ்சிருக்காது என்றாள். அப்புறம் சொன்னாள்:

“மரம் விழுந்தன்னிக்கு நிமிந்து பார்த்தேன். உறி ஆடிக்கிட்டே இருந்துச்சு. நாப்பது வருசமா அம்மன் இப்படித்தானே தொங்குதா, நானும் கூடத் தொங்குறேன்னு தோணிச்சு. ஊருக்குப் போவோம், போவோம்னு. இனி யாரு போகப் போறா? எங்கயாச்சும் உக்காரட்டும்.”

“அது நம்ம வீட்டுத் தரையா இருக்கப்படாதா?”

“ஏணிய விட்டு இறங்கையில வைக்கத்தான் நினைச்சேன்” என்றாள். “மேல பார்த்தேன். பயமா இருந்துச்சு. அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வராது, மஞ்சு அப்பா. கூரையை எத்தனை தடவ மாத்தினாலும் வராது.”

பாண்டியராஜ் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யாருக்காக அலைஞ்சேன்? படகேறி, படியேறி, கண்டவன் காலைப் பிடிச்சு. இப்ப வீடு விழுந்தா கம்பெனிக்காரன் வருவான். சரி. வந்து யாருக்குக் கட்டிக் கொடுப்பான்?

5 டிசம்பர், ஞாயிறு

பஸ்ஸுக்குப் போகவில்லை.

6 டிசம்பர்

கண்டக்டர் சட்டியை மசூதிக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் கொண்டுவந்து தந்தார். நெத்திலி. ஒரு நாள் பழசு, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது என் மேலேயே எரிச்சல்.

14 டிசம்பர், செவ்வாய்

சாக்கடை அடைத்துக்கொண்டது என்று குனிந்து கம்பு விட்டுக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. முப்பிடாதி. தனியாக, கையில் குடையோடு. தோப்பும்படியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

என்ன விசேஷம், அம்மனுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

“அம்மன் அங்க நல்லா இருக்கா. உங்களைப் பார்க்க வந்தேன்.”

உள்ளே வந்தாள். புது மரத்தை அண்ணாந்து பார்த்து, நல்லா வச்சிருக்கான் என்றாள். தன் கட்டிலில் உட்கார்ந்தாள், ஆனால் ஓரத்தில், எழுந்து ஓட வசதியாக. அதைப் பார்த்தபிறகு இங்கேயே வந்துவிடு என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கூடிவிட்டது என்றாள், குடித்தாள். என் வேட்டியில் கிழிசல் இருந்ததைத் தைத்தாள். நடுவில் இரண்டு தடவை மேலே பார்த்தாள். ஒரு பெரிய பூனை ஓட்டின் மேல் ஓடினபோது ஊசி விரலில் ஏறிவிட்டது.

இத்தனை பயத்தோடு ஒரு பகல் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மணிப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஏறும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

2 ஜனவரி 2000, ஞாயிறு

செல்லதுரையைப் போய்ப் பார்த்தேன். வீடு காலியாகக் கிடக்கக்கூடாது, காகிதம் செல்லாது, ஆள் வேண்டும் என்று சொன்னேன். வாடகை எவ்வளவு என்று பயந்து பயந்து கேட்டான். மழைக்கு முன்னால் ஓடு மாற்றவேண்டும், ஒரு இடம் விடாமல் மாற்றவேண்டும், அதுதான் வாடகை என்றேன்.

ராஜப்பனிடமும் கேட்டுக்கொண்டேன். இன்னார் தங்குகிறார் என்று கம்பெனிக்குத் தெரிவித்தால் போதுமாம்.

13 ஜனவரி

செல்லதுரையின் பெண்டாட்டி காலையில் வந்து இறங்கினாள். சின்னப் பிள்ளை. பெட்டியை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கீழே வையம்மா என்றேன்.

அவள் வைத்தாள். நான் என் பெட்டியை எடுத்தேன்.

பஜார் ரோட்டில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மிளகுக் கிடங்கு மறைத்துவிடும், அங்கிருந்து முகடு மட்டும்தான் தெரியும். புது ஓடு மட்டும் தனியாகச் சிவந்து தெரிந்தது. எப்படியும் ஒரு ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். கைவண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லி இரண்டு தடவை கத்தினான்.

11 ஜூன் 2000

மழை. மட்டாஞ்சேரியில் இந்நேரம் எப்படி இருக்குமோ. செல்லதுரைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லிப் பாண்டியராஜிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவனே கேட்டுவிட்டு வந்து சொன்னான், ஒழுகலையாம் மாமா. இங்கே காங்கிரீட், மழை பெய்வதே காதில் விழாது. எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன். முப்பிடாதி அசையாமல் தூங்குகிறாள்.

19 நவம்பர் 2000, ஞாயிறு

ராஜப்பன் பாலிசியைப் புதுப்பிக்கப் பஸ் ஏறி இங்கேயே வந்துவிட்டார். வயது கூடிவிட்டது அவருக்கும், இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார். பாண்டியராஜ் இளநீர் வெட்டிக் கொடுத்தான். போன வருஷத்துத் தொகையேதான், ஏறவில்லை. வீட்டில் இப்போது யார் என்று கேட்டார், செல்லதுரை, அவன் பெண்டாட்டி, பிறந்து ஒரு மாசமான பெண்குழந்தை என்று சொன்னேன். குழந்தையின் பெயர் எழுத வேண்டியதில்லை என்று சிரித்தார்.

“காகிதம் ஏது விலாசத்துக்கு அனுப்பணும், பிச்சேட்டா?”

முப்பிடாதி அடுக்களைப் படியில் அரிவாள்மணை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கும்பளங்கி என்றேன். மருமகன் பெயரைச் சொல்லி, அவர் வீடு என்று எழுதச் சொன்னேன்.

மீன் ஆய்கிற சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.